ஜி.என்.டி. சாலையில் சைலன்சர்

சென்னையிலிருந்து செங்குன்றம், சோழவரம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே சென்று, எளாவூரையும் ஆரம்பாக்கத்தையும் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழையும் நெடுஞ்சாலை, ஆங்கிலேயர் ஆட்சியில் ‘கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு’ என்று பெயர் பெற்றது. அரசு ஏடுகளில் அது நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 5 ஆகவும், 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்துக்குப் பின் தேசிய நெடுஞ்சாலை 16 ஆகவும் குறிக்கப்பட்டாலும், மக்கள் பேச்சில் இன்றும் ஜி.என்.டி. சாலையாகவே வழங்குகிறது. வண்டியின் இரைச்சலைப் பெருமையாகக் கொண்டாடுவோருக்கும் அதைத் தொல்லையாகக் கருதுவோருக்கும் இடையே தமிழகத்தில் நடந்துவரும் நீண்ட வழக்கின் முக்கியமான தடயங்கள் பல, இந்தச் சாலையிலும் இதற்குக் கிழக்கே திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு ஏரி வரை நீளும் கடற்கரையிலும் கிடைக்கின்றன. இந்தியப் புல்லட் மோட்டார் சைக்கிள் பிறந்த ஆலையும், தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயம் வளர்ந்த விமானத் தளமும், ஒவ்வொரு சரக்கு லாரியும் நின்று செல்ல வேண்டிய எளாவூர்ச் சோதனைச்சாவடியும், ராக்கெட்டின் முழக்கத்தைக் கேட்டு வாழும் மீனவர் ஊர்களும் ஐம்பது கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், இந்த வரலாற்றைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான நிலப்பகுதி தமிழகத்தில் வேறில்லை.

எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் எரிந்து முடிந்ததும், உயர் அழுத்தத்தில் இருக்கும் புகை வால்வு திறந்த கணத்தில் வெளியே பாய்கிறது. அவ்வாறு பாயும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெடியோசை எழுகிறது. அந்தப் புகையை அகன்ற அறை ஒன்றுக்குள் விரியவிட்டு, தடுப்புத் தகடுகளில் மோதச் செய்து, ஓசை அலைகளை ஒன்றையொன்று அடங்கவைத்து வெளியேற்றும் உருளைதான் சைலன்சர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள் என்பதால், மோட்டார் வண்டியும் அதை அடக்கும் கருவியும் ஏறத்தாழ ஒரே காலத்தவை எனலாம். ஆனால் கருவி வந்தவுடன் அதைச் செயலிழக்கச் செய்யும் வழியும் கூடவே வந்தது. ஓட்டுநர் காலால் மிதித்தோ கையால் இழுத்தோ திறக்கக்கூடிய ஒரு கதவைக் குழாயில் பொருத்தி, புகையைச் சைலன்சருக்குள் புகாமலே நேராக வெளியேற்றும் அமைப்பு ‘கட்-அவுட்’ எனப்பட்டது. சைலன்சர் எஞ்சினின் மூச்சைப் பிடித்துவைத்து வலுவைக் குறைக்கிறது என்று அக்கால ஓட்டுநர்கள் நம்பினார்கள். மேட்டில் ஏறும்போது திறப்பதற்காக வந்த அந்தக் கதவு ஊருக்குள்ளும் திறந்தே கிடந்தது. பல நாடுகள் அதைத் தடை செய்ய நேர்ந்தது. பிரிட்டன் 1929இல் மோட்டார் வண்டிகளின் மிகை இரைச்சலுக்கென்றே தனி விதிகளை வகுத்தது. இன்று பட்டறையில் சைலன்சரைக் குடைந்துவிடச் சொல்லும் இளைஞர் கூறும் காரணமும் பெரும்பாலும் அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியே.

சென்னை மாநகருக்கு 1895இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது. 1903இல் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் உருவாக்கிய கார் நீராவியால் ஓடியது. நீராவியும் மின்சாரமும் தம் ஆற்றலை வெடிப்பின்றித் தருபவை என்பதால், உரத்த வெடியோசை இல்லாத ஊர்தியைச் சென்னை முதலிலேயே அறிந்திருந்தது என்பதும், பெட்ரோல் எஞ்சின் மற்ற இரண்டையும் வென்ற பிறகே அந்த ஓசை சாலையின் இயல்பாயிற்று என்பதும் கவனிக்கத்தக்கவை. ஜட்கா வண்டிக் குதிரைகளும் கட்டை வண்டி மாடுகளும் நிறைந்திருந்த சாலைகளில் மோட்டாரை ஒழுங்குபடுத்த, சென்னை மாகாணம் 1907இல் தனக்கென ஒரு மோட்டார் வாகனச் சட்டத்தை இயற்றியது. 1914இலும் 1939இலும் நாடு முழுமைக்குமான சட்டங்கள் தொடர்ந்தன. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ‘பொதுத் தொல்லை’ என்ற குற்றத்தை வரையறுத்து, சுற்றுப்புறத்தில் வாழ்வோருக்குப் பொதுவாக இடையூறு விளைவிக்கும் செயலை அதில் அடக்கியிருந்தது. இந்த வரையறை சாலையில் போகிறவரைவிடச் சாலையருகே வாழ்பவரையே முதலில் எண்ணிப் பார்த்தது என்பது முக்கியமானது. பின்வந்த மோட்டார் சட்டங்கள் பெரும்பாலும் ஓட்டுநரையும் வண்டியையும் நோக்கியே பேசின.

திருவொற்றியூரின் கதை 1955இல் தொடங்குகிறது. இந்திய இராணுவத்துக்குப் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டதை ஒட்டி, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை நிறுவின. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் வட சென்னையில் திருவொற்றியூரில் அமைந்த அதன் ஆலை அதே எஞ்சினைப் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டிருந்தது. புல்லட்டின் ஓசைக்கு உள்ள தனித்தன்மை அதன் அமைப்பிலிருந்தே வருகிறது. ஒற்றை உருளை கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். நின்றபடி நிமிடத்துக்கு 900 சுற்றுகள் சுழலும்போது 450 வெடிப்புகளே நிகழ்வதால், நொடிக்கு ஏழெட்டு என்ற அளவில் ஒவ்வொரு துடிப்பும் காதுக்குத் தனித்தனியே கேட்கிறது. பல உருளைகள் கொண்ட எஞ்சினில் இந்தத் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே உறுமலாகிவிடும். காவல் துறையினரும் இராணுவத்தினரும் வசதி படைத்த நிலக்காரர்களும் இந்த வண்டியில் சென்றதால், ‘டப் டப்’ என்ற அந்தத் துடிப்பு தெருமுனைக்கு வருமுன்னே ஆளின் தகுதியை அறிவித்தது. ஓசையே அதிகாரத்தின் அடையாளமாகிவிட்ட இந்த உறவைப் புரிந்துகொள்ளாமல், இன்றைய இளைஞர் ஏன் தம் வண்டியின் குரலை உயர்த்துகிறார் என்பதைப் புரிந்துகொள்ள இயலாது. முன்னோரிடம் மதிப்பைப் பெற்றுத் தந்த ஓசையை, வேறு மதிப்பு எளிதில் கிட்டாத ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்க முயல்கிறார்.

ஆயினும் பழைய புல்லட், அதன் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இரைச்சலான வண்டி அன்று. ஆலையிலிருந்து அது சைலன்சருடன்தான் வெளிவந்தது. அதன் ஓசை தாழ்ந்த சுருதியில் அமைந்ததே தவிர, செவியைக் கிழிப்பதாக இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் வார்ப்பிரும்பு எஞ்சின் விலகி, எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உறையில் அமைந்த புதிய எஞ்சின் 2009ஆம் ஆண்டையொட்டி வந்தபோது, பழைய துடிப்பு போய்விட்டது என்று அன்பர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் அதைத் தீர்க்கப் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் வாங்கிப் பொருத்தப்பட்ட மாற்றுக் குழாய்கள், பழைய துடிப்பைத் திருப்பித் தராமல், ஒருகாலும் இல்லாத வெடிச்சத்தத்தைத் தந்தன. மெக்கானிக்குகள் ‘டிபி கில்லர்’ என்று அழைக்கும் ஓசை தணிக்கும் உள்குழாயை உருவி எடுத்துவிட்டால், அல்லது அது இல்லாத ‘இந்தூரி’ வகைக் குழாயைப் பூட்டினால், எரியாத பெட்ரோல் குழாய்க்குள் வெடித்துப் பட்டாசு போல் ஒலிக்கும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிகளுக்குப் பின், புகையின் நச்சை முறிக்கும் வினையூக்கியும் இந்தக் குழாய்த் தொகுப்பிலேயே அமைந்திருப்பதால், குழாயை முழுவதும் மாற்றுகிறவர் ஓசையோடு நச்சையும் சேர்த்தே தெருவில் விடுகிறார்.

1985இல் வெளிவந்து 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 இன்னொரு மரபைத் தொடங்கி வைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும் இரு வீச்சு எஞ்சினுக்குப் புகைக்குழாயின் வடிவமே வலுவைத் தீர்மானிக்கும்; நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் குழாய், வெளியேறும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாத கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளுகிறது. குழாயை மாற்றினால் வேகம் மாறும் என்ற எண்ணம் இந்த வகை வண்டியைப் பொறுத்தவரை அறிவியல் அடிப்படை உடையதே. இரு வீச்சு வண்டிகள் சாலையிலிருந்து மறைந்த பின்னும் அந்த எண்ணம் மறையாமல், அதற்குப் பெரிதும் பொருந்தாத நான்கு வீச்சு வண்டிகளின் மேல் ஏறிக்கொண்டது.

இந்த ஆர்வம் முழுவதையும் தீமை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது என்பதற்குச் சோழவரம் சாட்சி. ஜி.என்.டி. சாலையோரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டு, போருக்குப் பின் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தை, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து பந்தயக் களமாகப் பயன்படுத்தியது. ஆண்டின் தொடக்க மாதங்களில் நடந்த அந்தப் பந்தயங்களைக் காணச் சென்னையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பெருங்கூட்டம் திரண்டது. கல்கத்தா, பம்பாய், கோவை முதலிய நகரங்களின் ஓட்டுநர்கள் தம் கைப்பட மாற்றியமைத்த கார்களோடு வந்தார்கள். கோவையின் எஸ். கரிவரதன் போன்றோர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்க வழியற்ற காலத்தில் உள்நாட்டிலேயே பந்தயக் கார்களைக் கட்டி ஓட்டும் துணிவைப் பெற்றது இத்தகைய களங்களில்தான். சைலன்சர் இல்லாத எஞ்சின்களின் முழக்கம் அங்கே விழாவின் ஒரு பகுதியாக இருந்தது. அதைக் கேட்க விரும்பியவர்கள் வந்து கேட்டார்கள், விரும்பாதவர்கள் வராமல் இருந்துவிட முடிந்தது. அந்த ஓசைக்கென்று நாளும் இடமும் எல்லையும் இருந்தன. திறமைக்கும் துணிவுக்கும் பொறியியல் அறிவுக்கும் சோழவரம் ஒரு பள்ளியாக விளங்கியதற்கு, ஊர்ச் சாலையையும் பந்தயச் சாலையையும் பிரித்து வைத்த அந்த ஏற்பாடு முதன்மையான காரணம் என்று கொள்ளலாம். கிளப் 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடத்தை அமைத்துக்கொண்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

எளாவூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்குளம், ஓபசமுத்திரம் முதலிய ஊர்களைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி விரிகிறது. பொதுச்சொத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் ஏரியின் மீனவர்கள் சாலையை ஆள்வோரைவிட மிக முன்னேறியவர்கள். எந்த ஊரார், எந்த நாளில், எந்த நீர்ப்பரப்பில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டாலும் முறைவரிசையாலும் தீர்மானித்து, மீறுவோரை ஊர்ப் பஞ்சாயத்து கண்டிக்கும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு தலைமுறைகளாக இங்கே நடைமுறையில் உள்ளது. ஏரி எல்லோருக்கும் உரியது என்பதற்கு, வலிமையுள்ளவர் விரும்பியபடி வலை விரிக்கலாம் என்று அவர்கள் பொருள் கொள்ளவில்லை. பொதுவானது என்பதாலேயே அதற்கு வரம்பு வேண்டும் என்று கொண்டார்கள். சாலையில் எழும் ஓசையைக் குறித்து இத்தகைய உடன்பாடு எதுவும் நம் ஊர்களில் உருவாகவில்லை.

இதே ஏரிக்கரையில் எஞ்சினின் இரைச்சல் வேறொரு பொருளும் பெற்றது. 1980களில் அரசு மானியத்தோடு தமிழகக் கரையில் படகு எஞ்சின்கள் பரவத் தொடங்கி, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகளோடு அவை பெருகின. சைலன்சர் பெயரளவுக்கே உள்ள அந்த டீசல் எஞ்சின்களின் ஓயாத அதிர்வை நாள்தோறும் முதலில் தாங்குவது அதை ஓட்டும் மீனவரின் செவிதான். துடுப்பு வலித்த கைகளுக்குக் கிடைத்த விடுதலையின் விலையாக அவர் அதை ஏற்றுக்கொண்டார். மோட்டார் வாகனச் சட்டம் சாலையில் ஓடும் ஊர்திகளுக்கு மட்டுமே உரியது என்பதால், அதன் சைலன்சர் விதி நீர்க்கரையோடு நின்றுவிடுகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது முதல், எந்தச் சாலை வண்டியும் எழுப்ப இயலாத முழக்கத்தையும் இந்த ஊர்கள் கேட்டுவருகின்றன. ஏவும் நாளில் கடலுக்குச் செல்லத் தடை இருப்பதால் தொழில் இழப்பு உண்டு; ஆயினும் முன்னறிவித்து, எப்போதாவது வந்து, ஓரிரு நிமிடங்களில் ஓயும் அந்த ஓசையை மக்கள் வாசலில் நின்று பார்த்து மகிழ்கிறார்கள். மனிதர் ஓசையின் அளவை மட்டும் கொண்டு அதை ஏற்பதோ வெறுப்பதோ இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எதற்காக எழுகிறது, எப்போது ஓயும், தடுக்கக் கூடியதா என்ற கேள்விகளே வெறுப்பையும் பொறுமையையும் தீர்மானிக்கின்றன.

அமைதியைத் தம் உரிமையாகக் கோரிய கிராமத்தாரும் இந்த வட்டாரத்தின் பழைய வரலாற்றில் உண்டு. எளாவூரும் பழவேற்காடும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ள வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயல்களுக்கு உரமாவதை அறிந்திருந்த உழவர்கள், வேட்டைத் துப்பாக்கியின் வெடியால் பறவைகள் அஞ்சி அகல்வதை எதிர்த்து ஆட்சியாளரிடம் முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாதுகாப்புப் பட்டயம் பெற்று, 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். வெடியோசை ஒரு சிலரின் பொழுதுபோக்கு, அதன் இழப்பு ஓர் ஊரின் விளைச்சல் என்று அவர்கள் வைத்த வாதத்தில் இன்றைய சாலை வழக்கின் சாரம் முழுவதும் இருக்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய சட்டம் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே வளர்ந்துள்ளது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியும் சைலன்சருடன் இருக்க வேண்டும் என்றும், ஓசை வரம்புக்குள் அடங்கும்படி கட்டப்படுவதோடு அவ்வாறே பேணப்படவும் வேண்டும் என்றும் கூறுகிறது. ஓசையை அளக்கும் அலகான டெசிபல் பத்து கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். 2003இல் வந்த வரம்பின்படி 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி, ஏழரை மீட்டர் தொலைவில் முழு வேகமுடுக்கத்துடன் கடக்கும்போது, 80 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த இரவு வரம்பு 45 டெசிபல். முன்னது ஒரு கணத்தின் உச்சம், பின்னது இரவு முழுவதற்குமான சராசரி என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. ஆனாலும் விதிப்படி ஓடும் வண்டியே உறங்கும் தெருவுக்குப் பெருஞ்சுமை என்பதும், சைலன்சர் குடையப்பட்ட வண்டி எத்தகைய சுமை என்பதும் இதிலிருந்து விளங்கும். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் ஒலி மாசு வழக்கில் வழங்கிய தீர்ப்பு, இரைச்சலற்ற வாழ்வை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியாக அறிவித்து, கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஓசை வரம்பை மீறி ஓட்டுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதே திருத்தத்தில் புகுந்த 194எஃப் பிரிவு, சைலன்சரைத் தவிர்த்துப் புகையை வெளியேற்றும் கட்-அவுட்டைப் பெயர் சொல்லியே தண்டிக்கிறது. நூறாண்டுக்கு முன் தோன்றிய குற்றம் இன்னும் அதே பெயரில் சட்ட நூலில் இடம்பெற வேண்டியிருக்கிறது. 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு மாற்றியமைத்த சைலன்சர்களின் தொல்லையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டதும், பல நகரங்களின் காவல் துறையினர் பறித்த குழாய்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிக் காட்டியதும் இந்தச் சட்டங்களின் போதாமையையே உணர்த்துகின்றன.

உரத்த குழாய் உயிர் காக்கும் என்பது அமெரிக்க மோட்டார் சைக்கிள் அன்பர்களிடம் பிறந்து இங்கும் வழங்கும் எதிர்வாதம். லாரியின் பின்புறம் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதிவைத்து, பின்னால் வருபவரை ஒலியெழுப்பக் கேட்கும் நாட்டில் அதற்குச் செவிசாய்ப்போர் இருப்பது இயல்பே. எனினும் இருசக்கர ஓட்டுநருக்குப் பெரும்பாலான ஆபத்து முன்னாலிருந்தே வருகிறது, குழாயோ பின்னோக்கி ஒலிக்கிறது. எச்சரிக்க வேண்டிய நேரத்தில் அழுத்தவே ஹாரன் இருக்கிறது. எச்சரிக்கை தேவைப்படாத நள்ளிரவிலும் வெறுஞ்சாலையிலும் ஓயாமல் ஒலிக்கும் ஒன்றை எச்சரிக்கை என்று ஏற்க இயலாது.

2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய பொதுச் சாலைகளில் இரவு நேரக் கார் பந்தயம் நடத்தப்பட்டது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனை அருகில் இருப்பதை முன்னிட்டு, இரைச்சலைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளையும் சேர்த்தே உயர் நீதிமன்றம் அதற்கு அனுமதி வழங்க வேண்டியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தகுந்த தடம் இருக்கையில் பந்தயம் நகர வீதிக்குக் கொண்டுவரப்பட்டது, சோழவரம் தலைமுறை வகுத்துத் தந்த பிரிவினையை அழிக்கும் செயல். அரசே வீதியில் முழங்கவிட்ட பிறகு, அதே முழக்கத்தை நேசிக்கும் இளைஞரை வீதியில் தடுத்து நிறுத்தும் காவலரின் சொல்லுக்கு வலு குறைந்துவிடுகிறது. அந்த இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், மாவட்டத்துக்கு ஒன்றாயினும், ஊருக்கு வெளியே ஓட்டக் களங்கள் அமைத்துத் தருவதே அரசு செய்திருக்க வேண்டியது.

மீதமிருப்பது அளக்கும் வேலை. ஓசை வரம்பு இன்று ஆலையின் வாயிலில், புதிய வண்டியின் மாதிரியில் சோதிக்கப்படுகிறது. பேணப்பட வேண்டும் என்ற விதியின் சொல்லுக்குச் சாலையில் அளவுகோல் இல்லை. நிற்கும் வண்டியின் ஓசையை, குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைத்து அளக்கும் முறையை ஐஎஸ் 10399 என்ற இந்தியத் தர நிர்ணயம் முன்பே வகுத்துள்ளது. அதற்குப் பெரிய கருவியோ நீண்ட நேரமோ தேவையில்லை. பிரான்சில் சாலையோரத்தில் தானே அளந்து படம் பிடிக்கும் ஒலிக் காவல் கருவிகளே சோதனைக்கு வந்துவிட்டன. ஆந்திராவிலிருந்து வரும் ஒவ்வொரு லாரியின் ஆவணங்களையும் பார்க்கும் எளாவூர்ச் சோதனைச்சாவடியில் ஓர் ஒலிமானியை வைத்து, வரம்பை மீறும் வண்டியை அங்கேயே நிறுத்திச் சரிசெய்யச் சொல்லும் வழக்கத்தைத் தமிழகப் போக்குவரத்துத் துறை தொடங்க வேண்டும். அதே ஒலிமானியை மற்ற நாட்களில் கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் இருசக்கர வண்டிகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.